மீண்டும் ஓர் அறுவை தேவையா? உடல் திருத்தச் சிகிச்சையும் மார்க்கத்தின் அளவுகோலும்

 

பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே அது சினிமாக்காரர்களின் விஷயம் என்று நினைத்திருந்த காலம் போய்விட்டது. எடைக்குறைப்பு அறுவை செய்து 40, 50 கிலோ இளைத்தவர்கள், மூன்று நான்கு பிரசவங்களைக் கண்ட தாய்மார்கள், வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டுத் தொப்பையோடு ஊர் திரும்பியவர்கள் என நம் மஹல்லாக்களிலேயே இந்தச் சிகிச்சையைப் பற்றி விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன், தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் டம்மி டக், கை, தொடை, மார்பு ஆகியவற்றைத் திருத்தும் அறுவைகள் எல்லாம் இன்று பேச்சில் சாதாரணமாக வந்துபோகின்றன.

"இது ஆகுமா, ஆகாதா?" என்பது முதல் கேள்வி. அதற்கு உலமாக்கள் தெளிவாகப் பதில் தந்துவிட்டார்கள். இப்போது வருவது அடுத்த கட்டக் கேள்வி. "வயிற்றுத் தோலை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு பக்கம் மடிப்பு நிற்கிறது. மறுபடியும் செய்யலாமா? அப்படிச் செய்யும்போதே கை, தொடை, முகம் எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம், செலவும் குறையும் என்கிறார்கள். முதல் தடவை ஆகும் என்றுதானே ஹஜ்ரத் சொன்னார்கள். அதே பதில் இதற்கும் பொருந்துமா?"

இது பலருடைய கேள்விகளின் சாரம். சுருக்கமான பதில்: தானாகப் பொருந்தாது. முதல் அறுவைக்குக் கிடைத்த அனுமதி, அந்த அறுவைக்கு இருந்த காரணத்தோடு கட்டப்பட்டது. இரண்டாவது அறுவைக்கு இரண்டாவது காரணம் வேண்டும். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துச் செய்தால், சேர்க்கப்படும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் வேண்டும். இதை விரிவாகப் பார்ப்போம்.

முதல் அனுமதி எங்கிருந்து வந்தது?

மனிதனை மிக அழகிய அமைப்பில் படைத்ததாக அல்லாஹ் சூரா அத்தீனில் கூறுகின்றான். அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களைத் தூண்டுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை சூரா அந்நிஸாவின் 119-வது வசனம் எச்சரிக்கையாகச் சொல்கிறது. பச்சை குத்துவோர், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவோர் ஆகியோரைக் கண்டிக்கும் செய்தியை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள், தடை என்பது அழகை மட்டும் நாடிச் செய்வதற்கே உரியது என்றும், சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறையை நீக்கவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்றும் பிரித்துக் காட்டினார்கள்.

இந்தப் பிரிவினையே இன்றைய தீர்ப்புகளுக்கும் அடித்தளம். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடி, அழகு அறுவை குறித்து 173-ஆம் எண் தீர்மானத்தை வெளியிட்டது. உறுப்பை அதன் இயல்பான நிலைக்குத் திருப்புவது, பிறவிக் குறையைச் சரிசெய்வது, தீக்காயம், விபத்து, நோய் ஆகியவற்றால் வந்த சிதைவை நீக்குவது, புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு அதை மீட்டமைப்பது போன்றவை அனுமதிக்கப்பட்டன. இயல்பாக உள்ள உடலை மன ஆசைக்காகவும் பிறரைப் போல ஆவதற்காகவும் மாற்றுவது தடுக்கப்பட்டது. எடைக்குறைப்பைப் பொறுத்தவரை, உடற்பருமன் நோய் நிலையில் இருந்து, வேறு வழியில்லாமல், ஆபத்தும் இல்லாதபோது கொழுப்பு நீக்கம் உள்ளிட்ட அறுவை ஆகும் என்று அத்தீர்மானம் சொல்கிறது.

இதன்படி, 50 கிலோ இளைத்தவரின் அடிவயிற்றில் தோல் ஏப்ரன் போலத் தொங்கி, அதன் மடிப்பில் வியர்வை தங்கிப் புண்ணாகி, நடக்கவும் சுத்தம் செய்யவும் சிரமம் தந்தால் அதை நீக்குவது சிகிச்சை. பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசைகள் விலகிக் குடலிறக்கம் வந்த தாய்க்கு அதைச் சரிசெய்வதும் சிகிச்சையே. இவற்றைப் பெருமை, ஆடம்பரம் என்று பேசி அவர்களின் மனதைப் புண்படுத்த நமக்கு உரிமை இல்லை.

அர்ஃபஜா (ரலி) அவர்களின் இரண்டாவது மூக்கு

மறு அறுவை பற்றிப் பேசும்போது நாம் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் ஜாஹிலிய்யாக் காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் ஒரு மூக்கு செய்து பொருத்திக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் வந்தது. அப்போது நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் மூக்கு செய்துகொள்ளுமாறு கூறினார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ நூல்களில் இது இடம்பெற்றுள்ளது.

அழகு அறுவைக்கு ஆதாரமாக இந்த ஹதீஸைப் பலரும் சொல்வார்கள். ஆனால் இதில் நடந்தது முதல் சிகிச்சை அல்ல, இரண்டாவது சிகிச்சை. முதலில் செய்தது பலன் தரவில்லை; புதிய தொல்லை ஒன்றைத் தந்தது. அதைத் தீர்க்கவே இரண்டாவதற்கு வழி காட்டப்பட்டது. ஆண்களுக்குத் தங்கம் தடை செய்யப்பட்டிருந்தும், வெள்ளியால் தீராத தொல்லை தங்கத்தால் தீரும் என்பதால் அது அனுமதிக்கப்பட்டது. வெள்ளி மூக்கைவிடத் தங்க மூக்கு எடுப்பாக இருக்கும் என்பது அங்கே பேச்சாகவே இல்லை.

எனவே மறு அறுவைக்கு நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: முதல் அறுவையில் எந்தத் தொல்லை எஞ்சி நிற்கிறது? தழும்பு இழுத்துப் பிடித்து நிமிர முடியவில்லை, தையல் பிரிந்து குடலிறக்கம் வந்துவிட்டது, நீர் தேங்கிக் கட்டியாகி நிற்கிறது, பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும் அளவு கோணலாகிவிட்டது போன்றவை உண்மையான தொல்லைகள். சுரிதார் போட்டால் மறைந்துவிடும் ஒரு சிறு மேடு, படத்தில் பார்த்த இன்னொருவரின் இடுப்பைப் போல வரவில்லை என்ற ஏக்கம் ஆகியவை அந்தக் கணக்கில் வரா.

திரும்ப வெட்டும்போது உடலுக்குள் நடப்பது

மார்க்கத் தீர்ப்பு சொல்பவர் மருத்துவ நிலையை அறியாமல் சொல்லக் கூடாது. ஆகவே மருத்துவர்கள் சொல்வதையும் பார்ப்போம்.

அறுவை முடிந்த உடல் உடனே தன் இறுதி வடிவத்துக்கு வருவதில்லை. வீக்கம் வடியவே பல மாதங்கள் ஆகும். தழும்பு முதிர்ந்து மென்மையாக ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். மூன்றாவது மாதத்தில் கோணலாகத் தெரிந்தது பத்தாவது மாதத்தில் தானே சரியாகிவிடுவதும் உண்டு. அதனால்தான் நல்ல மருத்துவர்கள் அவசரக் காரணம் ஏதும் இல்லாவிட்டால் மறு அறுவைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். எடையும் சில மாதங்களாக ஏறாமல் இறங்காமல் நின்றிருக்க வேண்டும். எடை திரும்ப ஏறினாலோ, மறுபடி கருத்தரித்தாலோ செய்த வேலை வீணாகும்.

இரண்டாவது தடவை வெட்டுவது முதல் தடவையைவிடக் கடினம். முன்பு வெட்டிய இடத்தில் இரத்தக் குழாய்கள் சில அறுபட்டிருக்கும். தோலுக்கு வரும் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அதே தோலை மீண்டும் பிரித்து இழுத்தால் ஓரங்கள் கருகிப்போகும் அபாயம் உண்டு. புகைபிடிப்பவர்களுக்கும் நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இந்த அபாயம் இன்னும் கூடுதல். முன்பு கொழுப்பு உறிஞ்சிய இடத்தில் உள்ளே நார்போன்ற தழும்பு படர்ந்திருக்கும். அங்கே மீண்டும் குழாயைச் செலுத்தினால் மேடு பள்ளம் கூடவும் செய்யலாம்.

ஒரே மயக்கத்தில் பல அறுவைகள்

சேர்த்துச் செய்வதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஒருமுறை மயக்கம், ஒருமுறை படுக்கை, ஒருமுறை விடுப்பு. குடலிறக்கத்தைச் சரிசெய்யும்போதே அதன்மேல் தொங்கும் தோலை எடுப்பது மருத்துவத்தில் வழக்கமானது. இப்படி ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றைத் திட்டமிட்டுச் சேர்ப்பது தவறல்ல.

ஆனால் அறுவைகள் கூடக்கூட மேசையில் கிடக்கும் நேரமும் கூடும். இரத்த இழப்பு கூடும். உடல் வெப்பம் குறையும். அசையாமல் கிடப்பதால் கால் சிரைகளில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும் வாய்ப்பு உயரும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்பது மருத்துவர்களிடையே அறியப்பட்ட எச்சரிக்கை. லைப்போசக்ஷனில் ஒரே தடவை 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சினால் அது பெரிய அளவாகக் கருதப்படுகிறது. அப்படிப்பட்டவரை அன்றே வீட்டுக்கு அனுப்பாமல், வசதியுள்ள மருத்துவமனையில் இரவு முழுவதும் கண்காணிக்க வேண்டும். பல இடங்களில் உறிஞ்சும்போது உள்ளே செலுத்தும் மரத்துப்போகும் மருந்தின் மொத்த அளவும் ஏறும். அது எல்லை மீறினால் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2009 முதல் 2022 வரை டொமினிகன் குடியரசுக்கு அழகு அறுவைக்காகச் சென்ற அமெரிக்கர்களில் 93 பேர் இறந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் அறிவித்தது. 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் இறந்தவர்களின் விவரங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலோருக்கு ஒரே அமர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைகள் செய்யப்பட்டிருந்தன. கொழுப்புத் துகளோ இரத்தக் கட்டியோ நுரையீரலை அடைத்ததே முக்கியக் காரணமாக இருந்தது. குறைந்த செலவு, ஒரே பயணம், எல்லாம் ஒன்றாக முடிந்துவிடும் என்ற கணக்கு உயிரையே விலையாகக் கேட்டுவிட்டது.

2007 நவம்பரில் அமெரிக்கப் பாடகர் கான்யே வெஸ்டின் தாயார் டோண்டா வெஸ்ட் லைப்போசக்ஷனையும் மார்பக அறுவையையும் வயிற்று அறுவையையும் சேர்த்துச் செய்துகொண்ட மறுநாள் இறந்தார். அவருக்கு இதய இரத்தக் குழாய் நோய் இருந்தது. அதன் பின் கலிஃபோர்னியாவில், அழகு அறுவைக்கு முன் உடல் பரிசோதனையும் எழுத்து மூலமான மருத்துவ ஒப்புதலும் வேண்டும் என்று அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. நமக்கு அருகிலும் நடந்திருக்கிறது. 2022 மே மாதத்தில் பெங்களூருவில் கொழுப்பு நீக்க அறுவைக்குப் பின் இறந்த கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜுக்கு வயது 21 தான்.

உடலின் ஒரு பகுதியில் எடுத்த கொழுப்பைப் புட்டத்தில் செலுத்தும் பிரேசிலியன் பட் லிஃப்ட் என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். "எடுத்த கொழுப்பை வீணாக்குவானேன்?" என்று லைப்போசக்ஷனோடு இதைச் சேர்த்துவிடுகிறார்கள். கொழுப்பு தசைக்குள் இறங்கிப் பெரிய இரத்தக் குழாயில் நுழைந்தால் மரணம். அழகு அறுவைகளிலேயே அதிக உயிரிழப்புக் கொண்டது என, ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கோடு, 2018-இல் பன்னாட்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் இணைந்து எச்சரித்தன. பிரிட்டனின் அழகு அறுவை மருத்துவர் சங்கம் அதே ஆண்டில் இதைச் செய்ய வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. பிறகு முறைகள் திருத்தப்பட்டன. ஆனாலும் சிகிச்சைக் காரணம் எதுவும் இல்லாமல், வடிவத்துக்காக மட்டுமே செய்யப்படும் இது மார்க்கத்தின் அனுமதிக்குள் வராது.

ஒன்றின் நிழலில் மற்றொன்று ஒதுங்க முடியாது

உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்ற சட்டத் தொகுப்பு, ஃபிக்ஹின் பொது விதிகளைத் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்துகிறது. மத்ரஸாவில் ஓதியவர்களுக்குப் பழக்கமான விதிகள்தாம் அவை. நம் கேள்விக்கு மூன்று விதிகள் போதும்.

முதலாவது, நிர்ப்பந்தத்துக்கான சலுகை அந்த நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடும். வயிற்று மடிப்பில் புண் வந்தது என்பது வயிற்றுக்கான அனுமதி. அதைக் காட்டி முகச் சுருக்கத்தையும் கன்னத்தையும் சேர்த்துக்கொள்ள முடியாது. பிணிகளுக்கெல்லாம் மருந்து உண்டு, முதுமையைத் தவிர என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியும் நாம் அறிந்ததே. வயதின் அடையாளம் நோயல்ல.

இரண்டாவது, ஒரு தீங்கை அதைப் போன்ற இன்னொரு தீங்கால் நீக்கக் கூடாது. சிறு மேட்டைச் சரிசெய்யப் போய்த் தோலே கருகும் அபாயத்தை ஏற்பது இந்த விதிக்கு மாறானது.

மூன்றாவது, நன்மையைத் தேடுவதைவிடக் கேட்டைத் தடுப்பது முந்தியது. சேர்த்துச் செய்வதால் மிச்சமாகும் பணமும் விடுப்பும் நன்மைகள்தாம். ஆனால் எட்டு மணி நேர மயக்கத்தின் ஆபத்தோடு அவற்றைத் தராசில் வைத்தால் எது கனக்கும் என்பது தெரியும். நமக்கு நாமே அழிவைத் தேடிக்கொள்ள வேண்டாம் என்ற குர்ஆனின் கட்டளையும் இங்கே பொருந்தும்.

ஆக, ஆகுமான இரண்டு அறுவைகளைக்கூட, மருத்துவர் ஆபத்து என்று சொன்னால் பிரித்துச் செய்வதே மார்க்கக் கடமை. அதிகம் இளைத்தவர்களுக்கு வயிறு ஒருமுறை, சில மாதங்கள் கழித்துக் கை, தொடை என்று கட்டம் கட்டமாகச் செய்வது மருத்துவத்திலும் உள்ள முறைதான்.

மனம் நிறையாவிட்டால்

சிலருக்கு அறுவை நன்றாகவே நடந்திருக்கும். பார்ப்பவர் யாருக்கும் குறை தெரியாது. அவர்களுக்கு மட்டும் கண்ணாடி முன் நின்றால் மனம் அமைதி கொள்ளாது. இல்லாத குறையோ மிகச் சிறிய குறையோ நாள் முழுவதும் மனதை அரிப்பது ஒரு மனநோய் என்று மருத்துவம் பெயரிட்டு அங்கீகரித்திருக்கிறது. இத்தகையவர்களுக்கு அறுவை பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை. கவலை வேறொரு உறுப்புக்கு மாறிவிடும். அவர்கள் போக வேண்டியது மனநல மருத்துவரிடம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈமான் குறைவு என்று யாரும் அவர்களை ஏசவும் வேண்டாம்.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். பல பெண்கள் தங்கள் ஆசைக்காக மருத்துவரிடம் போவதில்லை. கணவரின் ஒரு கிண்டல், மாமியார் வீட்டின் ஒரு பேச்சு அவர்களைத் தள்ளுகிறது. நான்கு பிள்ளைகளைச் சுமந்த வயிற்றைப் பார்த்துக் கேலி செய்வது எந்த மார்க்கத்தில் உள்ளது? மனைவியிடம் நல்ல முறையில் நடந்துகொள்ளும்படி குர்ஆன் ஆண்களுக்குத்தான் கட்டளையிட்டது. இந்த வீடுகளில் முதலில் திருத்த வேண்டியது கணவரின் நாவை.

முடிவெடுக்கும் முன்

உண்மையான தேவை இருக்கிறது, மருத்துவரும் ஒப்புகிறார் என்ற நிலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

மருத்துவர் யார்? மருத்துவ அறிவு இல்லாமல் சிகிச்சை செய்பவரே விளைவுக்குப் பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூதில் உள்ளது. நம் நாட்டில் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது அதற்கு நிகரான தேசிய வாரியப் பட்டம் பெற்றவரா என்று கேட்டு அறிய வேண்டும். அழகு நிலையத்தின் பெயர்ப்பலகை தகுதி ஆகாது. மயக்கவியல் மருத்துவர் உடனிருக்கிறாரா, அவசரம் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்றும் கேளுங்கள். மறு அறுவையாக இருந்தால் முதல் அறுவையின் குறிப்புகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது நல்லது.

அவ்ரத் பற்றி: தகுதியுள்ள பெண் மருத்துவர் கிடைத்தால் பெண்கள் அவரிடமே செல்ல வேண்டும். கிடைக்காதபோது தேவையான அளவுக்கு மட்டும் ஆண் மருத்துவரிடம் காட்டலாம். முன்னும் பின்னும் எடுக்கும் படங்கள் விளம்பரத்துக்குப் போகாது என்று எழுத்தில் வாங்குங்கள். ஒப்புதல் படிவத்தில் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

பணம் பற்றி: வட்டியோடு கூடிய தவணைக் கடனில் இதைச் செய்வது ஒரு தவறை இன்னொரு தவறில் கொண்டு சேர்க்கும். ஜகாத் நிலுவை, பிறருக்குத் தர வேண்டிய கடன் ஆகியவை முந்தியவை.

தொழுகை பற்றி: வயிற்று அறுவைக்குப் பின் சில நாட்கள் நிமிர்ந்து நிற்கவோ ஸஜ்தா செய்யவோ முடியாது. இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். கட்டு உள்ள இடத்தில் தண்ணீர் படக்கூடாது என்றால் கட்டின் மேல் ஈரக் கையால் தடவ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அதோடு தயம்மும் சேர்த்துச் செய்ய வேண்டும். மயக்கத்தில் தவறிய தொழுகைகளைக் களா செய்துவிடுவதே பேணுதல். அவசரமில்லாத அறுவையை ரமளானுக்கும் ஹஜ் பயணத்துக்கும் நெருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, இஸ்திகாரா தொழுங்கள். அதற்கு முன் ஒரு தாளில் செய்யவிருக்கும் ஒவ்வொரு அறுவையின் பெயரையும் தனித்தனி வரியில் எழுதி, எதிரே அதற்கான காரணத்தை எழுதுங்கள். எந்த வரிக்கு எதிரே "அதோடு சேர்த்து" என்பதைத் தவிர வேறு காரணம் எழுத முடியவில்லையோ, அந்த வரியை அடித்துவிடுங்கள். மீதி உள்ளதை மருத்துவரிடமும் உங்கள் பகுதி ஆலிமிடமும் காட்டிக் கேளுங்கள்.

இந்த உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அதன் நோயைத் தீர்ப்பது அமானிதத்தைப் பேணுவது. அதை ஆசைக்குப் பணயம் வைப்பது அமானிதத்துக்கு மோசடி. நோயுற்றோருக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், நம் அனைவருக்கும் அவன் தந்த உருவத்தில் மனநிறைவையும் தந்தருள்வானாக! ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.